யார் அனுப்பிய தூது?

2023-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் கடைசி வாரம். பருவமழை பொய்த்த ஆண்டு அது. மைசூருக்கு அருகிலுள்ள கிருஷ்ணராஜசாகர் அணையிலும் நீர் குறைவு; மேட்டூரிலும் நீர் குறைவு. தமிழகத்திற்கு நீர் விடுமாறு காவிரி மேலாண்மை ஆணையம் பணித்தது, கர்நாடகம் கொதித்தது. 26-ஆம் நாள் பெங்களூரில் முழு அடைப்பு. 29-ஆம் நாள் மாநிலம் முழுவதும் முழு அடைப்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மாலையில் எங்கள் விடுதியின் பொது அறையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். அவர்களில் தமிழன் நான் ஒருவன்.

திரையில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. நான்கு கட்டங்களில் நான்கு முகங்கள். மூவர் கர்நாடகத்தின் பக்கம். நான்காவது கட்டத்தில் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் முகத்தின் கீழே ஓடிய பட்டையில், ‘தமிழ்நாட்டின் தரப்பு’ என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. அவர் எந்தக் கட்சியினர் என்று குறிப்பிடவில்லை. அரசு அலுவலரா, வழக்கறிஞரா, உழவர் சங்கத்தைச் சேர்ந்தவரா என்றும் குறிப்பிடவில்லை. வாய் திறந்ததுமே அவர் சினத்தோடு சில சொற்களைக் கொட்டினார். கர்நாடக மக்களைப் பழிக்கும் சொற்கள் அவை. தமிழக அரசும் சரி, தமிழகத்துப் பெரிய கட்சிகளும் சரி, அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மற்ற மூவரும் அவர்மேல் பாய்ந்தனர். நிகழ்ச்சியை நடத்தியவர் முகத்திலோ மகிழ்ச்சி!

மண்டியாவைச் சேர்ந்த என் அறைத்தோழன் என் பக்கம் திரும்பினான். “உங்கள் ஆள் என்ன இப்படிப் பேசுகிறார்?” என்று கேட்டான். அவன் உழவர் வீட்டுப் பிள்ளை; கேட்டதில் குற்றமில்லை. “அவர் யாரென்றே எனக்குத் தெரியாது” என்றேன். “அப்படியானால் தமிழ்நாட்டுக்காக நீ பேசு” என்றான் மற்றொருவன். அறை முழுவதும் என்னைப் பார்த்தது. நொடிப்பொழுதில் நானும் அந்த நான்காவது கட்டத்திற்குள் அமர்த்தப்பட்டுவிட்டேன்!

அன்றிரவு நான் உறங்கவில்லை. அந்த மனிதரை அங்கே அமர்த்தியவர் யார்? தமிழ்நாட்டின் பெயரால் பேச அவரை அனுப்பியவர் யார்? இந்தக் கேள்வியைக் காவிரியோடு நிறுத்திவிட முடியாது. நாள்தோறும் இரவு எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் செய்தித் தொலைக்காட்சிகளில் கட்சிகளின் பெயரால் பேசுகின்ற அத்தனை பேருக்கும் இக்கேள்வி பொருந்தும். நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூதும் தூதரும்

பிறர் சார்பில் பேசுவது தமிழர்க்குப் புதியதன்று. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் ஔவையார் சென்றதைப் புறநானூறு காட்டுகிறது. அதியமான் அனுப்பினான், ஆகவே ஔவை சொன்னது அதியமானின் சொல்லாயிற்று. திருக்குறளின் பொருட்பாலிலே தூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர் தூதரை இருவகையாகப் பிரிக்கிறார். நிலைமைக்கேற்பத் தாமே வகுத்துப் பேசுபவர் ஒருவகை; சொல்லி அனுப்பியதை அப்படியே சொல்பவர் மற்றொரு வகை. முன்னவருக்கு அறிவு மிகுதியும் வேண்டும். பின்னவருக்குப் பிறழாமை வேண்டும்.

இருவகையினர்க்கும் பொதுவான ஒன்று உண்டு. இருவரையும் ஒருவர் அனுப்பியிருக்கிறார். அனுப்பியவர் யார் என்பது கேட்பவருக்கும் தெரியும். தூதர் தவறிப் பேசினால் அனுப்பியவர் பொறுப்பேற்க வேண்டும். அல்லது அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். யாரும் அனுப்பாமல், கேட்பவரே பிடித்து வந்து ‘நீ இன்னாரின் தூதன்’ என்று அமர்த்துகின்ற மூன்றாவது வகையைப் பரிமேலழகர் கண்டதில்லை. அவர் காலத்தில் தொலைக்காட்சி இல்லை!

வானொலி காட்டிய வழி

கட்சிகளின் குரலைக் காற்றில் அனுப்பும் வழக்கம் நூறாண்டுப் பழமை உடையது. 1924-ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த பிரிட்டிஷ் பொதுத் தேர்தலின்போது பால்டுவின், ராம்சே மக்டொனால்டு, ஆஸ்குவித் என்னும் மூன்று கட்சித் தலைவர்களுக்கும் பி.பி.சி. வானொலி இடம் தந்தது. மக்டொனால்டு பொதுக்கூட்ட மேடையில் முழங்கியதை வானொலி அப்படியே எடுத்து ஒலிபரப்பியது. பால்டுவினோ ஒலிபரப்பு நிலையத்தில் அமர்ந்து, வீட்டுக் கூடத்தில் இருப்பவரோடு உரையாடுவதுபோல் அமைதியாகப் பேசினார். வானொலிக்கு ஏற்ற பேச்சு எது என்பதை அன்றே மக்கள் கண்டுகொண்டனர். நாம் கருத வேண்டியது வேறொன்று. கட்சிக்காகப் பேசியவர் அன்று கட்சித் தலைவரே. அவரை நிலையத்தார் தம் விருப்பப்படி பொறுக்கி எடுக்கவில்லை.

வானொலி வரலாற்றில் நம் மைசூருக்கும் ஒரு பெருமை உண்டு. 1935-ஆம் ஆண்டில், மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு அவர் வழங்கிய பெயர் ‘ஆகாசவாணி’. பின்னாளில் அகில இந்திய வானொலியும் அப்பெயரை ஏற்றது. ஒரு பேராசிரியர் தம் வீட்டில் தொடங்கிய முயற்சியின் பெயர் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று.

ஆயினும் விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் அந்த ஆகாசவாணி அரசின் குரலாகவே இருந்தது. எதிர்க்கட்சியினர் தேர்தல் காலத்தில் அரசு ஒலிபரப்பில் பேசும் வாய்ப்பு 1977-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில்தான் வந்தது. நெருக்கடிநிலையின் வாய்ப்பூட்டு தளர்ந்த வேளை அது. 1997-ஆம் ஆண்டின் இறுதியில் பிரசார் பாரதி என்னும் தன்னாட்சி அமைப்பு உருவாயிற்று. அடுத்து வந்த 1998 தேர்தலுக்காகத் தேர்தல் ஆணையம் ஒரு முறையை வகுத்தது. அம்முறையைச் சற்று விளக்கமாகக் காண்போம். நம் கேள்விக்கு ஒரு விடை அதில் இருக்கிறது.

தேசியக் கட்சிகளுக்கும் மாநிலங்களில் ஏற்பு பெற்ற கட்சிகளுக்கும் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் கட்டணமின்றி நேரம் தரப்படுகிறது. எல்லாருக்கும் அடிப்படை நேரம் சமம். அதற்குமேல் தரும் நேரம், முந்தைய தேர்தலில் கட்சி பெற்ற வாக்குகளைப் பொறுத்தது. 5 நிமிடச் சீட்டுகளாக அந்நேரம் பிரித்து வழங்கப்படுகிறது. ஒரே அமர்வில் 15 நிமிடத்திற்குமேல் ஒரு கட்சி பேச முடியாது. எந்த நாள், எந்த வேளை என்பதைக் கட்சிப் பிரதிநிதிகளின் முன்னிலையில் குலுக்கிப் போட்டு முடிவு செய்கின்றனர். பேச்சின் எழுத்துப் படியை முன்கூட்டியே தரவேண்டும். சமயங்களையோ சமூகங்களையோ தாக்குதல், வன்முறையைத் தூண்டுதல், ஒருவரைப் பெயர் சொல்லிப் பழித்தல் ஆகியவற்றுக்கு இடமில்லை. உரைகளேயன்றிக் கலந்துரையாடல்களும் உண்டு. அவற்றுக்கு ஒவ்வொரு கட்சியும் தன் பிரதிநிதி ஒருவரைத் தானே பெயர் குறித்து அனுப்பலாம்.

இந்நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்ப்பவர் மிகச் சிலர். உண்மைதான், அவை சுவையற்றவை. சொன்னதைச் சொல்லும் தூதரின் பேச்சுக்குச் சுவை குறைவே. ஆனால் அங்கே பேசுபவரை யார் அனுப்பினார் என்பதில் கடுகளவும் ஐயமில்லை. 2003-ஆம் ஆண்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இந்நேரப் பங்கீட்டுக்கு இடம் செய்யப்பட்டது. கம்பிவடத் தொலைக்காட்சிகளையும் அச்சட்டம் குறிப்பிடுகிறது. எனினும் தனியார் தொலைக்காட்சியின் அன்றாட விவாதத்தில் யாரை அமர்த்துவது என்பது இன்றும் அந்நிலையத்தாரின் கையில்தான் இருக்கிறது.

நாற்காலிகள் நிரம்பும் விதம்

தமிழில் செய்திக்கென்றே அமைந்த தொலைக்காட்சிகள் பெருகியது கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள்தான். 2011-இல் புதிய தலைமுறை வந்தது. 2012-இல் தந்தி டி.வி.; 2014-இல் நியூஸ் 7; 2016-இல் நியூஸ் 18 தமிழ்நாடு. ‘நேர்படப் பேசு’, ‘ஆயுத எழுத்து’ போன்ற விவாத நிகழ்ச்சிகளின் பெயர்கள் வீட்டுக்கு வீடு பழகின. ஒரு நிலையம் ஒருநாளில் ஒரு விவாதம் நடத்தினால் நான்கு பேர் வேண்டும். எல்லா நிலையங்களுக்கும், எல்லா நாட்களுக்கும் கணக்கிட்டுப் பாருங்கள். இத்தனை நாற்காலிகளையும் நிரப்புவது எங்ஙனம்?

நம் பல்கலைக்கழகத்தில் படித்துச் சென்ற அண்ணன் ஒருவர், சென்னையில் ஒரு செய்தி நிலையத்தில் சில திங்கள் இப்பணியில் இருந்தார். விருந்தினர் ஒருங்கிணைப்பாளர் என்பது அப்பணியின் பெயர். நிலையத்தில் ‘கெஸ்ட் கோ-ஆர்டினேட்டர்’ என்றே அழைப்பார்கள். விடுமுறையில் மைசூர் வந்திருந்தபோது குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்தபடி அவர் சொன்னவற்றை இங்கே சுருக்கித் தருகிறேன்.

“நண்பகலில் ஆசிரியர் குழு கூடும். அன்றைய தலைப்பு முடிவாகும். அப்போதே, ‘ஆளுங்கட்சி ஒருவர், எதிர்க்கட்சி ஒருவர், தேசியக் கட்சி ஒருவர், பத்திரிகையாளர் ஒருவர்’ என்று கட்டம் போட்டுவிடுவார்கள். பிறகு வேலை என் தலைமேல். கட்சிகள் தம் செய்தித் தொடர்பாளர் பட்டியலை அறிவித்திருக்கும். அதிலுள்ளவர்களை ஒருவர்பின் ஒருவராகத் தொலைபேசியில் அழைப்பேன். ஒருவர் வெளியூர், ஒருவர் வேறொரு நிலையத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார், ஒருவர், ‘இந்தத் தலைப்பில் பேசவேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது’ என்பார். தலைப்பு கட்சிக்குச் சங்கடமானதாக இருந்தால் அன்றைக்கு யாருமே தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்! ஆறு மணி ஆகிவிடும். எட்டு மணிக்கு நிகழ்ச்சி. நாற்காலியைக் காலியாக விட நிலையம் ஒப்பாது.”

“அப்போது என்ன செய்வீர்கள்?” என்றேன்.

“அதற்கென்று ஒரு தனிப் பட்டியல் வைத்திருந்தேன். கூப்பிட்டால் வருபவர்கள். நிலையத்திற்கு அருகில் குடியிருப்பவர்கள். தடையின்றிப் பேசுபவர்கள். சீண்டினால் சினப்பவர்கள். அவர்களில் ஒருவர் கல்லூரி நாட்களில் அந்தக் கட்சியின் மாணவர் அணியில் இருந்திருப்பார். இன்னொருவர் அக்கட்சிக்கு ஆதரவாக எப்போதோ ஒரு கட்டுரை எழுதியிருப்பார். அது போதும். அவர் பெயரின்கீழ் ‘ஆதரவாளர்’ என்று ஒரு பட்டையை ஒட்டிவிடுவோம். ஒருநாள் இப்படி அமர்த்திய ஒருவர், கட்சி ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அக்கட்சி அலுவலகத்திலிருந்து அழைப்பு. ‘அவர் எங்கள் உறுப்பினரே அல்லர். யாரைக் கேட்டு எங்கள் பெயரில் அமர்த்தினீர்கள்?’ என்றார்கள். என்னிடம் விடையில்லை. ஆனால் முந்தைய நாள் அவர்களை நான் ஐந்து முறை அழைத்ததும், அவர்கள் எடுக்காததும் உண்மை.”

அண்ணன் சொன்னதில் இரு பக்கத்துத் தவறும் இருக்கிறது. கட்சி ஆள் அனுப்பவில்லை. ஆகவே நிலையம் ஆளைப் படைத்துக்கொண்டது!

பட்டையில் எழுதும் சொல்

திரையின் அடிப்பட்டையில் எழுதப்படும் சொற்களை நண்பர்கள் கவனித்திருப்பீர்கள். ‘அரசியல் விமர்சகர்’, ‘மூத்த பத்திரிகையாளர்’, ‘சமூக ஆர்வலர்’, ‘வலதுசாரிச் சிந்தனையாளர்’, ‘கட்சி ஆதரவாளர்’ என எத்தனை பெயர்கள்! ‘செய்தித் தொடர்பாளர்’ என்பது கட்சி தரும் பதவி. அதைப் பெறுபவர் கட்சிக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். ‘ஆதரவாளர்’ என்பது நிலையம் தரும் பதவி. அதைப் பெறுபவர் யாருக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. இரண்டு சொற்களும் ஒரே அளவு எழுத்தில், ஒரே நிறத்தில், ஒரே பட்டையில் ஓடுகின்றன. வேலை முடிந்து களைத்து வந்து பார்க்கும் ஒருவர் இவ்வேறுபாட்டை எங்ஙனம் காண்பார்?

இந்த வேறுபாடு வெறும் சொற்சிக்கலன்று. கட்சிகளே இதனை உணர்ந்து எதிர்த்திருக்கின்றன. 2019 ஜூன் மாதம் அ.தி.மு.க.வில் தலைமை பற்றிய பேச்சு எழுந்தபோது, கட்சியினர் யாரும் ஊடகங்களில் கருத்துச் சொல்லலாகாது என்று தலைமை பணித்தது. தனி மனிதர்களின் கருத்தைக் கட்சியின் கருத்துப்போல் காட்டவேண்டாம் என்று ஊடகங்களையும் கேட்டுக்கொண்டது. 2021 ஜூலையில் மீண்டும், விவாதங்களில் பங்கேற்பதில்லை என்று அக்கட்சி அறிவித்தது. 2019 மக்களவைத் தேர்தலில் தோற்ற காங்கிரஸ் கட்சியும், ஒரு மாத காலத்திற்குத் தன் செய்தித் தொடர்பாளர்களை விவாதங்களுக்கு அனுப்புவதில்லை என்று மே மாத இறுதியில் அறிவித்தது. தன் பிரதிநிதிகளை நிகழ்ச்சிகளில் அமர்த்த வேண்டாம் என்றும் நிலையங்களை வேண்டிக்கொண்டது. எங்கள் விடுதி விவாதம் நிகழ்ந்த அதே 2023 செப்டம்பரில், எதிர்க்கட்சிகளின் ‘இந்தியா’ கூட்டணி 14 நெறியாளர்களின் பெயர்களை வெளியிட்டு, அவர்தம் நிகழ்ச்சிகளுக்கு ஆள் அனுப்புவதில்லை என்றது.

அனுப்பிய தூதரையே கைவிட்ட நிகழ்ச்சியும் உண்டு. 2022 மே மாதம், பாரதிய ஜனதாக் கட்சியின் தேசியச் செய்தித் தொடர்பாளர் நூபுர் சர்மா ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் நபிகள் நாயகத்தைப் பற்றிக் கூறியவை நாட்டிலும் வெளிநாடுகளிலும் பெரும் கண்டனத்தைக் கிளப்பின. ஜூன் 5-ஆம் நாள் கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. சர்ச்சைக்குரிய கருத்துகள் ஓரத்தில் நிற்கும் சிலருடையவை என்று கத்தாரிலுள்ள இந்தியத் தூதரகம் விளக்கம் தந்தது. நேற்றுவரை கட்சியின் முகம். இன்று ஓரத்தில் நிற்பவர்! ஆயினும் ஒன்றை நோக்குக. அவர் கட்சியால் அனுப்பப்பட்டவர். ஆகவே கட்சி பதில் சொல்லியே தீரவேண்டியதாயிற்று. அதே சொற்களை ‘ஆதரவாளர்’ ஒருவர் பேசியிருந்தால் கட்சி ஒரு வரியில் கைகழுவியிருக்கும். அனுப்பப்படாதவர் பேசுவதில் கட்சிக்கும் ஓர் ஆதாயம் உண்டு என்பதை இதனால் அறியலாம். தான் சொல்லக் கூசுவதை அவர் சொல்லுவார். பழி வந்தால் ‘அவர் எம்மவர் அல்லர்’ எனலாம்.

எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை

இனி, நிலையம் ஆளைத் தேர்ந்தெடுப்பதால் வரும் பெரிய தீங்கைக் காண்போம். இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று தருகிறேன். அங்கே 1949 முதல் 1987 வரை, சர்ச்சைக்குரிய பொதுப் பொருள்களில் மாறுபட்ட கருத்துகளுக்கு ஒலிபரப்பு நிலையங்கள் இடம் தரவேண்டும் என்றொரு விதி இருந்தது. விதி நீங்கியது. 1996-இல் ஃபாக்ஸ் நியூஸ் என்னும் நிலையம் தோன்றியது. அதன் விவாத நிகழ்ச்சி ஒன்றில் வலதுசாரியாகப் பேச ஷான் ஹானிட்டி என்பவர் முதலிலேயே முடிவானார். எதிரே அமரவேண்டிய தாராளவாதி யார் என்பது முடிவாகவில்லை. ஆகவே நிகழ்ச்சிக்குத் தற்காலிகமாக, ‘ஹானிட்டியும், இனி முடிவாகவேண்டிய தாராளவாதியும்’ என்னும் பொருளில் பெயர் வழங்கினார்களாம்! பின்னர் ஆலன் கோம்ஸ் என்பவர் அந்த இடத்திற்கு வந்தார். அவர் பண்பாளர், ஆனால் ஹானிட்டியின் வேகத்திற்கு ஈடுகொடுக்காத மென்மையர் என்பது விமர்சகர் பலரின் குறை. 2009 தொடக்கம் வரை அந்நிகழ்ச்சி நடந்தது.

மல்யுத்தத்தில் ஒரு மல்லன், தன்னோடு மோத வேண்டியவனைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அப்போட்டியின் முடிவு கோதாவில் இறங்கும் முன்பே தெரிந்துவிடாதா? விவாதமும் அவ்வாறே. ஒரு கட்சிக்கு நாவன்மை மிக்கவரை அமர்த்தி, எதிர்க்கட்சிக்குத் தடுமாறுபவரை அமர்த்தினால், நெறியாளர் எவ்வளவு நடுநிலையாக நேரத்தை அளந்து கொடுத்தாலும் தராசு சாய்ந்துதான் இருக்கும். தடுமாறுபவர் வேண்டுமென்பதுகூட இல்லை. மட்டுமீறிப் பேசுபவரை அமர்த்தினாலும் போதும். மற்றவர் அனைவரும் நியாயவான்களாகத் தோன்றுவர். எங்கள் விடுதித் தொலைக்காட்சியில் நான் கண்ட நான்காவது மனிதர் அந்த வேலையைத்தான் செய்தார். அவர் அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பது வேறு செய்தி.

செய்தி ஒளிபரப்பாளர் சங்கத்தின் ஒழுக்கநெறி, சர்ச்சைகளில் எல்லாத் தரப்பினருக்கும் நடுநிலையோடு இடம் தருமாறு கூறுகிறது. ஆனால் ‘தரப்பு’ என்பது யார் என்று யார் சொல்வது? மூன்று தரப்புக்கும் சமநேரம் தந்துவிட்டோம் என்று கணக்குக் காட்டலாம். மூன்றாவது தரப்பின் பெயரில் அமர்ந்தவர் அத்தரப்பினர்தானா என்பதை எந்தக் கடிகாரமும் காட்டாது.

மற்றொரு தீங்கும் உண்டு. இந்த ஏற்பாட்டில் ஊருக்கு வெளியே இருப்பவர்க்கு இடமில்லை. காவிரியைப் பற்றிய விவாதத்தில் மண்டியாவின் கரும்பு உழவரையோ திருவாரூரின் நெல் உழவரையோ நான் கண்டது அரிது. நிலையத்திற்கு அருகில் அவர்கள் குடியிருக்கவில்லை அல்லவா!

நிலையத்தார் சொல்லும் நியாயம்

நிலையத்தாரின் வாதத்தையும் கேட்பது முறை. கட்சி அனுப்புபவர் கட்சி எழுதிக் கொடுத்ததையே மீண்டும் மீண்டும் சொல்வார். கேட்ட கேள்விக்கு விடை வராது. கட்சிக்கு வெளியே நின்று அதன் கொள்கையை ஆதரிக்கும் ஒருவர், சில வேளைகளில் கட்சிக்காரரைவிடத் தெளிவாக அக்கொள்கையை விளக்குவார். அதன் குறையையும் ஒப்புவார். கட்சிகள் விருப்பம்போல் விவாதத்தைப் புறக்கணித்தால் அத்தலைப்பையே கைவிட வேண்டுமா? அப்படியானால் சங்கடமான கேள்விகளை அடக்கும் உரிமையைக் கட்சிகளிடம் கொடுத்ததாகாதா?

இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது; நான் மறுக்கவில்லை. கட்சியின் ஒப்புதல் பெற்றவரே பேசவேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. யார் வேண்டுமானாலும் பேசட்டும். தம் பெயரால் பேசட்டும். பிறர் பெயரை அவர்மேல் ஒட்டுவதுதான் பிழை. கட்சி ஆள் அனுப்ப மறுத்தால், ‘அழைத்தோம், வரவில்லை’ என்று சொல்லிவிட்டு அந்த நாற்காலியைக் காலியாகவே காட்டலாம். காலி நாற்காலியைவிடக் கடுமையான கேள்வி ஒரு கட்சிக்கு வேறில்லை. வாடகைக்கு ஆள் வைத்து அதை நிரப்பிவிடும்போது, ஓடி ஒளிந்த கட்சியும் தப்பிவிடுகிறது, பார்ப்பவரும் ஏமாறுகிறார்.

ஆகவே, விவாதம் பார்க்க அமரும்போது நாம் நான்கு கேள்விகளை மனத்திற்கொள்ள வேண்டும். இவரை அனுப்பியவர் யார்? இவர் சொல்வதற்கு நாளை பொறுப்பேற்பவர் யார்? இவருக்கு எதிரே அமர்ந்தவரைத் தேர்ந்தெடுத்தவர் யார்? இங்கே இருக்கவேண்டியவர்களில் இல்லாதவர் யார்? இந்நான்கிற்கும் விடை தெரியாத விவாதம் கூத்து. பார்த்து மகிழலாம், நம்பி வாக்களிக்கலாகாது.

மீண்டும் விடுதியில்

தொடங்கிய இடத்திற்கே வருகிறேன். ‘தமிழ்நாட்டுக்காக நீ பேசு’ என்று தோழர்கள் சொன்னபோது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. திரையில் முழங்கியவரைப்போல நானும் முழங்கியிருக்கலாம். அல்லது ‘எனக்கேன் வம்பு’ என்று எழுந்து போயிருக்கலாம். மறுநாள் காலை உணவின்போது மூன்றாவது வழி ஒன்று எனக்குத் தோன்றியது. மண்டியாத் தோழனிடம் சொன்னேன்:

“என்னைத் தமிழ்நாடு அனுப்பவில்லை, படிப்புதான் அனுப்பியது. ஆகவே தமிழ்நாட்டுக்காகப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததை என் பெயரால் சொல்கிறேன். 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவர் மன்றம் தமிழகத்திற்கு விடச் சொல்லியிருந்தது ஆண்டுக்கு 192 டி.எம்.சி.; அதை 177.25 ஆகக் குறைத்தது நீதிமன்றம். குறைந்த 14.75-உம் கர்நாடகத்திற்கே போயிற்று, அதில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. மழை பொய்க்கும் ஆண்டில் எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் தொல்லை முழுவதும் இருக்கிறது. திரையில் பேசிய நால்வரில் ஒருவராவது இதைச் சொன்னாரா?”

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இல்லை” என்றான். “எங்கள் பக்கம் பேசிய மூவரையும் நான் அனுப்பவில்லை. என் அப்பாவும் அனுப்பவில்லை” என்று சொல்லிச் சிரித்தான். அதன்பின் அவன் தந்தையின் கரும்புத் தோட்டத்தைப் பற்றியும், கால்வாயில் நீர் வரும் முறையைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினோம். எத்தனையோ இரவு விவாதங்களில் அறியாத செய்திகளை அந்த அரைமணியில் நான் அறிந்தேன்.

மைசூரில் படிக்கும் தமிழ் மாணவர் ஒவ்வொருவருக்கும் இப்படியொரு மாலை வரும். காவிரிக்காக வரும், மொழிக்காக வரும், தேர்தலுக்காக வரும். நண்பர்களே அன்போடு ஒரு நாற்காலியைக் காட்டுவார்கள். அதன்கீழ் ஒரு பட்டையும் ஆயத்தமாக இருக்கும். அமருமுன் அப்பட்டையில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். யாரும் உங்களை அனுப்பவில்லையென்றால், அதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பேசுங்கள்.